பென்சில் படுக்கும் இடைவெளி

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரி. உன் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே பதினைந்து அடிகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு நாளாக நான் உன்னோடு பேசவில்லை, நானாகப் பேசுவதாகவும் இல்லை. சாப்பாடு தயார் என்பதையே உன் அத்தா மூலம்தான் சொல்லி அனுப்புகிறேன். அவரும் இரண்டு அடி தள்ளி நிற்கிற உன்னிடம் வந்து, "சோறு ரெடின்னு உங்கம்மா சொல்லச் சொன்னா" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்கிறார். அவருக்கு இது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் ஒரு தமாஷ் வேண்டாமா என்கிறார். நிக்காஹ்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதன் பிறகு நீயும் நஸ்ரீனும் மறைமலை நகரில் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பேச்சில் நீ லேப்டாப்பைத் திறந்து இங்கிலீஷில் ஏதாவது காட்டி என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் அது முடியாது. கடைசி வரி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நீங்கள் குடிபோகிற அந்தக் கட்டடத்தில் எட்டு வீடு. எட்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரு சம்ப், மாடியில் ஒரு டேங்க். டேங்க் நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற போர்டு ஒன்று செய்து மாட்டித் தரச்சொல்லி வீட்டுக்காரர் உன்னைக் கேட்டார். நீயும் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாய். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது, போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம், டேங்கில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. நானும் உன் அத்தாவும் இருபது வருஷமாக விற்கிற போர்டு அதன் பக்கத்தில் எருமை மாதிரி தெரிகிறது. ஆனால் எருமை யாரையும் உதைத்ததில்லை. உன்னுடையதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே சொன்னேன், இது போகாது என்று.

ஏன் போகாது என்பதை இன்னொரு தரம், கோபமில்லாமல் சொல்கிறேன். ரிலே என்பது என்ன? ஒரு பக்கம் பன்னிரண்டு வோல்ட் வாங்கிக்கொண்டு இரும்பை இழுக்கிற ஒரு சின்னக் காயில், அதாவது கம்பிச் சுருள். மறுபக்கம் வீட்டுக் கரண்டு, இருநூற்று முப்பது வோல்ட். இரும்பு இழுபட்டதும் அந்தப் பக்கத்து முனை இரண்டும் சேர்ந்துகொள்ளும், மோட்டார் ஓடும். இரண்டும் ஒரே டப்பாவுக்குள் இருந்தாலும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. போர்டு செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது. மற்ற தொழிலில் எப்படியோ, நம் தொழிலில் அந்தப் பன்னிரண்டு வோல்ட் பக்கத்திலிருந்து கிளம்புகிற ஒயர் நேராக டேங்குக்குப் போய், மட்டம் பார்க்கத் தண்ணீருக்குள் நிற்கிற ஸ்டீல் கம்பியில் முடிகிறது. அந்தத் தண்ணீரில்தான் எட்டு வீடும் குளிக்கிறது. வீட்டுக் கரண்டு இந்தப் பக்கம் தாண்டி வந்தால் அது போர்டோடு நிற்காது. இதைக் குடும்ப வாழ்க்கைக்கு உதாரணமாக்கி அறிவுரை சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. ரிலே ரிலேதான்.

நான் இதை எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை என்பதை நீ சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொல்லிவிட்டாய், அதனால் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பத்தாவதோடு நின்றவள் நான். மேற்கு தாம்பரத்தில் உன் அத்தா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை போட்டபோது, மத்தியானம் சோறு கொண்டுபோவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார எனக்கு வராது. மோட்டாரோடு கருகி வந்த போர்டுகளை அவர் மூலையில் எறிந்து வைத்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைவேன். உன் பள்ளிக்கூட ஸ்கெட்ச் பேனாதான் கிடைத்தது. வீட்டுக் கரண்டு போகிற கோடெல்லாம் சிவப்பு, பன்னிரண்டு வோல்ட் எல்லாம் நீலம். அப்படி நூறு போர்டாவது வரைந்திருப்பேன். கருகின போர்டில் பெரும்பாலும் சிவப்பும் நீலமும் எங்கேயோ ஒட்டி உரசிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானேதான் கண்டுபிடித்தேன். அளக்கக் கருவி இல்லை. கையில் இருந்த பென்சிலைப் படுக்கவைத்துப் பார்த்தேன். சிவப்பையும் தொடாமல், நீலத்தையும் தொடாமல் பென்சில் படுத்தால் போர்டு நல்ல போர்டு. அன்றிலிருந்து நம் கடையில் அதுதான் சட்டம். பென்சில் படுக்காத போர்டு வாசல் தாண்டாது.

தப்பே செய்யாதவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. என் முதல் போர்டு பொழிச்சலூரில் ஒரு சார் வீட்டில் மாட்டினது. ரிலே மேலே பத்து ஆம்பியர் என்று போட்டிருந்தது, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஐந்தாறுதான் இழுக்கும், தாராளம் என்று நினைத்தேன். மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூன்றாம் வாரம் போன் வந்தது. "இன்னாம்மா போர்டு இது? ஆன் ஆவுது, ஆஃப் ஆவ மாட்டேங்குது. மாடில காயப்போட்ட வடாம் அத்தினியும் கீழ்வூட்டு வாசல்ல கீது." ரிலேவுக்குள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. உன் அத்தா போய் மோட்டாரை நிறுத்தினார். நான் அரைக் கிலோ வடாம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அதற்கப்புறம்தான் போர்டில் இருக்கிற ரிலே மோட்டாரைத் தொடவே கூடாது, அது கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சை மட்டும் இழுக்கட்டும், மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும் என்று மாற்றினேன். உன் புதுப் போர்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறாய். அதற்குக் காரணம் உன் காலேஜ் இல்லை, அந்த வடாம்.

சரி, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். நஸ்ரீனின் அத்தாவும் அம்மாவும் பத்திரிகை லிஸ்ட் பேச வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜையில் உன் போர்டு. நான் என் வழக்கப்படி பென்சிலை எடுத்தேன். படுக்கவில்லை, சரிந்து நிற்கிறது. நீ, "மூணு மில்லிமீட்டர் இருக்கும்மா, போதும். ஸ்டாண்டர்டுலயே போட்டிருக்கான்" என்றாய். "ஸ்டாண்டர்டு எழுதினவன் பள்ளிக்கரணை எறும்பப் பாத்திருக்கானாடா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? நீ சம்பந்தி பக்கம் திரும்பி, "மாமா, எங்க வீட்ல அளக்க காலிப்பர்லாம் கிடையாது. பென்சில்தான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும்கூடக் கொஞ்சம் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "நீ படிச்சிருந்தீன்னா உனக்கே புரிஞ்சிருக்கும்மா" என்று ஒன்று சொன்னாயே, அதற்குத்தான் பன்னிரண்டு நாள்.

பள்ளிக்கரணை எறும்பைப் பற்றி நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ காலேஜில் ஹாஸ்டலில் இருந்தாய். மழை விட்ட மறுநாள் ஒரு அம்மா போன் செய்தார்கள். "அக்கா, பைப்பத் தொட்டா ஜிவ்வுங்குது." யாரும் எதையும் தொடாதீர்கள், மெயினை இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன். அது நம் போர்டு இல்லை, எங்கேயோ வாங்கினது. திறந்தால், ரிலேவுக்கு அடியில் எறும்பு மண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. சதுப்பு நிலத்து ஈரம் சுவரெல்லாம் ஊறி, அந்த மண்ணும் ஊறியிருந்தது. அந்த நீலச் சதுர ரிலே இருக்கிறதே, கடையில் சுகர் க்யூப் என்பார்களே, அதன் காயில் கால்கள் இரண்டுக்கும் நட்டநடுவே வீட்டுக் கரண்டின் கால் நிற்கும். அந்த நடுக்காலிலிருந்து பக்கத்துக் காலுக்கு, மூன்று மில்லிமீட்டர் தூரம், கரித்துண்டால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, கரண்டு தாண்டிப்போன தடம். உன் போர்டில் இருப்பதும் அதே ரிலே, அதே மூன்று. நீ உடனே, அதற்குத்தானே லீக்கேஜ் வந்தால் ட்ரிப் ஆகிற சுவிட்ச் இருக்கிறது என்பாய். அந்த வீட்டிலும் இருந்தது. அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து அதைத் தவிர்த்து நேராக ஒயர் போட்டுவிட்டார்கள். உன் கட்டடத்தில் எட்டு வீட்டில் ஒருத்தராவது அதைச் செய்வார்கள், எழுதி வைத்துக்கொள்.

நான் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு மருமகள் கையில் ஐந்து மாதக் குழந்தையோடு பின்னால் வந்து நின்றது. குளியலறையில் பக்கெட் நிரம்பி இருக்கிறது. "அக்கா, இப்ப புள்ளையக் குளிப்பாட்டலாமா?" என்று கேட்டது. போர்டு என் கையில் இருக்கிறது, மெயின் இறங்கி இருக்கிறது, தண்ணீரில் ஒன்றும் இருக்க வழியில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்று முறை டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் என் வாயிலிருந்து "குளிப்பாட்டும்மா" என்று வந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் போர்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினேன். கடையில் நீ மியூசியம் என்று கேலி செய்வாயே, அந்த ஜாடிதான். எறும்புக் கூடு இன்னும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்.

அந்த ஸ்டாண்டர்டு சமாச்சாரத்தையும் நான் சும்மா விடவில்லை. நீ காட்டின அட்டவணையைப் போனில் தேடி எடுத்து, புரியாத வார்த்தைக்கெல்லாம் அகராதி பார்த்து, நாலு நாள் படித்தேன். மூன்று என்பது மனிதன் கை படாத இடத்துக்கு. கை படுகிற பக்கத்தையும் கரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு வரிசை இருக்கிறது, அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட்டிருக்கிறது. ஈரமும் தூசியும் உள்ள இடத்துக்கு அதற்கும் மேல். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு பென்சில் வருகிறது. நீ ஒரு வரிசை மேலே படித்துவிட்டு வந்து படிப்பைப் பற்றி எனக்குச் சொல்கிறாய்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. உன் அத்தாவுக்கே நேற்றுவரை தெரியாது. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு லீவில் வந்து, நம் போர்டைப் பார்த்து, "ஏம்மா நியூட்ரல்லயும் ஃப்யூஸ் போட்டிருக்க? எடுத்துடு" என்றாய். கரண்டு வருகிற ஃபேஸில் ஒன்று, திரும்பிப் போகிற நியூட்ரலில் ஒன்று என்று முன்னும் பின்னும் காவல் போட்டிருக்கிறேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை. வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் விற்பேன். "உங்க வாத்தியார் எத்தனை மோட்டார் பாத்திருக்காரு?" என்று உன்னைக் கேட்டேன். நீ முகம் சுருங்கிப் போய்விட்டாய். ஒரு வருஷம் கழித்துப் பம்மலில் ஒரு வீட்டிலிருந்து, போர்டு செத்துவிட்டது, லைட்டுகூட எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். லைட் எரியாததால் கரண்டு இல்லை என்று நினைத்து விரலை உள்ளே விட்டேன். போயிருந்தது நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும்தான். ஃபேஸ் அப்படியே உயிரோடு உட்கார்ந்திருந்தது. அடித்த அடியில் பின்னால் இருந்த துணி ஊறவைத்த அன்னக்கூடையில் போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, பட்டது ஒரு விரல்தான், வேறொன்றும் ஆகவில்லை. அந்த வீட்டம்மா டீ போட்டுக் கொடுத்து, மாற்றுப் புடவையும் கொடுத்து அனுப்பினார்கள். யாருடைய புடவை இது என்று உன் அத்தா கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டேன் என்றேன். அன்று நல்ல வெயில். அவரும் மேலே கேட்கவில்லை.

அடுத்த இரண்டு மாதம் ஊரெல்லாம் நான் ஃப்ரீ சர்வீஸ் செய்ததை நீ நினைவில் வைத்திருப்பாய். "அம்மாவுக்கு என்ன ஆச்சு, காசு வாங்காம வேலை செய்யுது" என்று கேட்டாய். ஒவ்வொரு வீடாகப் போய் நியூட்ரல் ஃப்யூஸை எடுத்துவிட்டு நேராக ஒயர் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம், புது மாடல் வந்திருக்கிறது என்றேன். உன்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷமும் ஒரு அடியும் தேவைப்பட்டது. அதைச் சொல்ல இன்னும் ஆறு வருஷம். இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போல இருக்காதே. நஸ்ரீன் ஒன்று சொல்லி அது சரியாக இருந்தால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. ஆனால் இதை வைத்துக்கொண்டு இடைவெளி விஷயத்திலும் நான் இறங்கி வருவேன் என்று கணக்குப் போடாதே. அது வேறு, இது வேறு. மூன்று மில்லிமீட்டரோடு அந்தப் போர்டை மாட்டினாயானால், மறுவீட்டு விருந்துக்கு உன் வீட்டுக்கு வருவேன், பிரியாணி சாப்பிடுவேன், ஆனால் உன் குழாயில் கை கழுவ மாட்டேன். தாம்பரத்திலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவேன். சம்பந்தி கேட்டால் காரணமும் சொல்வேன்.

இதுவரை எழுதியது காலையில். இப்போது மணி நாலு. இதை மடித்து உன் தலையணைக்கு அடியில் வைக்கலாம் என்று எழுந்தபோது உன் அத்தா கடையிலிருந்து வந்தார். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

"உன் புள்ள காலைல ட்ரெயினுக்குப் போற வழில கடைல குடுத்துட்டுப் போனான். உன் கையில குடுக்க பயமாக்குதாம்."

"என்னவாம்?"

"பிரிச்சுப் பாரேன். நான் பிரிச்சா அதுக்கும் சண்டை போடுவ."

பிரித்தேன். புதுப் போர்டு. முன்னதைவிட ஒன்றரை மடங்கு நீளம். சுகர் க்யூபைத் தூக்கிவிட்டு, காயில் ஒரு கோடியிலும் கரண்டு மறு கோடியிலும் இருக்கிற நீள ரிலே போட்டிருக்கிறாய். ரிலேவுக்குக் கீழே போர்டையே கீறி, காற்றுப் போகிற மாதிரி நீளமாக வெட்டு விட்டிருக்கிறாய். ஃபேஸில் ஒரே ஒரு ஃப்யூஸ். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில், போர்டு மேலே வெள்ளை மையில் ஏதோ படம் அச்சடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பென்சில். கூர் சீவின பென்சில், அசல் தடிமனில், படுத்திருக்கிறது. என் பென்சிலை எடுத்து அதன் மேல் வைத்தேன். படத்தை முழுக்க மூடிக்கொண்டு படுத்தது.

உன் அத்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா, ஒத்துக்கினானா?" என்றார். நீ தானாக ஒத்துக்கொண்டிருப்பாயா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே அவள் என்னைக் கூப்பிட்டு, "மாமி, அந்தப் பென்சில் விஷயம் என்ன? அத்தா வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு" என்று கேட்டிருந்தாள். நானும் எறும்பு, குழந்தை, பக்கெட் எல்லாம் சொல்லியிருந்தேன். இப்போது கேட்டால் சிரிக்கிறாள். "நான் ஒண்ணுதான் சொன்னேன் மாமி. அந்தத் தண்ணியிலதான் நானும் குளிக்கணும், பென்சில் படுக்குற வரைக்கும் குளிக்க மாட்டேன்னு. கல்யாணத்தன்னைக்கே அம்மா வீட்டுக்கு வந்து குளிச்சுக்கறேன்னேன்."

ஆக, இருபது வருஷம் போர்டு செய்தவள் சொல்லிக் கேட்காத நீ, போர்டையே பார்க்காத ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறாய். இதற்கு நான் தனியாக இன்னொரு பன்னிரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடப்பதால் விடுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னை மடக்க எழுதினது, நீயோ படிக்காமலேயே மடங்கிவிட்டாய். மிச்சம் இருப்பது என் நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும். ஜெயித்த பிறகு எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது? கிழிக்கப் போனபோது உன் அத்தா தடுத்துவிட்டார். பம்மல் கதையை நேற்று அவரிடம் சொன்னதிலிருந்து அந்தப் புடவையை நினைத்து நினைத்துச் சிரிக்கிறார். "அவன் பென்சில் போட்டுக் குடுத்துட்டான் இல்ல, நீ ஃப்யூஸக் குடு" என்றார். சரி, வைத்துக்கொள்.

போர்டு போகலாம். ஒன்றே ஒன்று. வலது மூலையில் பெட்டியோடு இறுக்குகிற திருகாணிக்கு ஓட்டை இருக்கிறதே, அது சிவப்புக் கோட்டிலிருந்து அரைப் பென்சில் தூரத்தில்தான் இருக்கிறது. இரும்புத் திருகாணி போட்டால் இவ்வளவு வெட்டு விட்டதற்கும் அர்த்தமில்லை. பிளாஸ்டிக் திருகாணி நாலு, பச்சை டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் வந்ததும் நீயே நேராகச் சமையலறைக்கு வந்து என் கையில் வாங்கிக்கொள். அத்தாவை அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா